நஞ்சுக்குப் பெயர் என்ன?

வீட்டில் ஊறுகாய் பாட்டிலோ பழரச பாட்டிலோ இருந்தால் திருப்பிப் பின்பக்கம் படித்துப் பாருங்கள். பொடி எழுத்தில் ஐ.என்.எஸ். 211 என்று போட்டிருந்தால், அதில் சோடியம் பென்சோயேட் கலந்திருக்கிறது என்று பொருள். பூஞ்சை பிடிக்காமல், புளித்துப் பொங்காமல் காக்கும் உப்பு அது. பூஞ்சையையே வளரவிடாத ஒரு பொருள் நம் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்? உள்ளேயே தங்கிவிடுமா? வெளியே வருமா? வந்தால் எந்த வழியாக வரும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடித் தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கிய ஒருவர் இருந்தார். 1842-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், புகழ்பெற்ற வேதியியலாளர் ஃபிரீட்ரிக் வோலரின் ஆய்வுக்கூடத்தில் இருந்த வில்ஹெல்ம் கெல்லர்தான் அவர். ஓர் இரவு அவர் ஏறத்தாழ 2 கிராம் பென்சாயிக் அமிலத்தை விழுங்கினார். (சோடியம் பென்சோயேட்டும் நம் இரைப்பையின் புளிப்பில் பென்சாயிக் அமிலமாகத்தான் மாறும்.) மறுநாள் காலைச் சிறுநீரைப் பிடித்துவைத்து, சுண்டக் காய்ச்சி, அதில் அமிலம் விட்டார். படிகங்கள் வந்தன. எடுத்துச் சோதித்தார். அவை அவர் விழுங்கிய பொருளே அல்ல! ஹிப்பூரிக் அமிலம் என்ற வேறொரு பொருள். புல் மேயும் குதிரையின் சிறுநீரில் லீபிக் என்ற வேதியியலாளர் 1829-இல் அடையாளம் கண்டது அது.

லண்டன் மருத்துவர் அலெக்சாண்டர் யூர் அதற்கு முந்தைய ஆண்டே இதைக் கவனித்திருந்தார். கெல்லரின் சோதனை அதை ஐயமில்லாமல் உறுதி செய்தது. உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது இன்னொன்று. அப்படியானால் இடையில் உடம்பு ஏதோ வேலை செய்திருக்கிறது. என்ன வேலை? பென்சாயிக் அமிலத்தோடு கிளைசின் என்ற சிறிய மூலக்கூறு ஒன்றைக் கோத்துவிட்டிருக்கிறது. கிளைசின் நாம் சாப்பிடும் பருப்பிலும் பாலிலும் இருக்கும் புரதத்தின் ஒரு துண்டு. அதைக் கோத்ததும் கிடைக்கும் ஹிப்பூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் மளமளவென்று வெளியேற்றிவிடும். இன்று நீங்கள் ஊறுகாயோடு தயிர்சாதம் சாப்பிட்டாலும் இதே வேலைதான் உங்கள் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் நடக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், எந்தச் சாறும் குடிக்காமல் நடக்கிறது. (கெல்லர் செய்ததை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். வேதிப்பொருளை வாயில் வைக்கும் சோதனை இன்று எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடையாது.)

கெல்லரின் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய துணிச்சல் அல்ல, அதன் தெளிவு. எந்தப் பொருள் உள்ளே போனது என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியும். வெளியே வந்தது என்ன என்று கையில் படிகமாக எடுத்துக் காட்டினார். ‘உடம்பில் உள்ள நஞ்சையெல்லாம் வெளியேற்றும்’ என்று சொல்லி இன்று கடைகளிலும் கைப்பேசித் திரைகளிலும் எத்தனையோ பொடிகளும் சாறுகளும் தேநீர்களும் வருகின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் கெல்லரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த நஞ்சு? அதன் பெயர் என்ன? எந்த வழியாக வெளியே வந்தது? அளந்து பார்த்தீர்களா?

முதலில், நம் உடம்பு தானாக என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

வலப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் கை வையுங்கள். அதன் உள்ளேதான் கல்லீரல் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒன்றரைக் கிலோ வரை எடை இருக்கும். குடலில் இருந்து கிளம்பும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. ஒரு தனிக் குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் போய், அங்கே வேலை முடிந்த பிறகுதான் மற்ற உறுப்புகளுக்குப் போகிறது. நீங்கள் சாப்பிட்ட இட்லியில் இருந்து வந்த சர்க்கரை, மாத்திரையில் இருந்து வந்த மருந்து, காளானில் இருந்த நச்சு எல்லாமே கல்லீரல் வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன.

அங்கே நடக்கும் வேலையின் சாரம் இதுதான். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய தலையை வெறும் தண்ணீரில் அலசினால் பிசுக்கு போகாது. சீயக்காய் தேய்த்தால்தான் தண்ணீரோடு போகும். அதுபோல, கொழுப்பில் கரையும் பொருள்களைச் சிறுநீரகத்தால் எளிதில் வெளியேற்ற முடியாது. எனவே கல்லீரல் அவற்றை நீரில் கரையும்படி மாற்றுகிறது. முதலில் நொதிகள் அந்த மூலக்கூறில் ஒரு மாற்றம் செய்யும். பிறகு வேறு நொதிகள் அதனோடு நீரில் கரையும் துண்டு ஒன்றைக் கோத்துவிடும். கிளைசின் அப்படி ஒரு துண்டு. சர்க்கரையில் இருந்து உண்டாகும் குளுகுரோனிக் அமிலம் இன்னொன்று. குளுட்டதயோன் மற்றொன்று. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெரும்பகுதி இப்படிக் கோக்கப்பட்டுச் சிறுநீரில் போய்விடும். சிறிதளவு மட்டும் வழியில் தீங்கான ஒரு பொருளாக மாறும். குளுட்டதயோன் உடனே அதைப் பிடித்து அடக்கிவிடும். அளவுக்கு மீறிய மாத்திரைகள் உள்ளே போனால் குளுட்டதயோன் தீர்ந்துபோகும். அப்போது கல்லீரலே பாதிக்கப்படும். மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது என்று அம்மா கண்டிப்பாக இருப்பது இதனால்தான்.

வெளியில் இருந்து வரும் நஞ்சு மட்டும்தான் கல்லீரலுக்கு வேலை என்று நினைக்காதீர்கள். நம் உடம்பே ஒவ்வொரு நொடியும் நஞ்சை உண்டாக்குகிறது. புரதம் சிதையும்போது அமோனியா வெளிப்படும். அமோனியா இரத்தத்தில் ஏறினால் மூளை குழம்பும், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. தண்ணீரில் வாழும் மீன்கள் அதைச் செவுள் வழியாக அப்படியே தண்ணீரில் விட்டுவிடும். காக்கையும் கோழியும் அதை யூரிக் அமிலமாக மாற்றிவிடும். காக்கை எச்சத்தில் வெள்ளையாக இருப்பது அதுதான். நாம் அதை யூரியாவாக மாற்றுகிறோம். கல்லீரல் இதை ஒரு சுழற்சியாகச் செய்கிறது என்று 1932-இல் ஹான்ஸ் கிரெப்ஸ், கர்ட் ஹென்செலைட் என்ற இருவரும் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள்.

அரிதாகச் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்த யூரியா சுழற்சியின் ஒரு நொதி வேலை செய்யாது. தாய்ப்பால் குடித்த இரண்டு மூன்று நாள்களிலேயே அமோனியா ஏறிக் குழந்தை சோர்ந்துவிடும். அப்போது மருத்துவர்கள் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று எது தெரியுமா? சோடியம் பென்சோயேட்! கெல்லரை நினைத்துப் பாருங்கள். பென்சாயிக் அமிலம் ஒரு கிளைசினை இழுத்துக்கொண்டு சிறுநீரில் போகும். கிளைசினில் நைட்ரஜன் இருக்கிறது. உடம்பு மறுபடி கிளைசின் தயாரிக்கும்போது இன்னும் கொஞ்சம் நைட்ரஜன் அதற்குள் போகும். அமோனியாவாகத் தேங்கியிருக்க வேண்டிய நைட்ரஜன், பழுதான சுழற்சியைச் சுற்றிக்கொண்டு வேறு வாசல் வழியாக வெளியேறிவிடுகிறது. ஊறுகாயைக் கெடாமல் வைத்திருக்கும் அதே உப்பு, மருத்துவமனையில், சரியான அளவில், ஒரு குழந்தையின் மூளையைக் காப்பாற்றுகிறது. நஞ்சு நீக்கம் என்று சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வைத்தியம்தான். மருத்துவர்கள் இரத்தத்தில் அமோனியா குறைகிறதா என்று அடிக்கடி அளந்துகொண்டே இதைச் செய்வார்கள்.

அடுத்து சிறுநீரகம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான்கள் என்ற நுண்ணிய வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் இருக்கின்றன. பெரியவர் ஒருவருக்கு அவை ஒரு நாளில் 180 லிட்டர் திரவத்தை இரத்தத்தில் இருந்து வடிக்கின்றன. நம் உடம்பில் இரத்தத்தின் திரவப்பகுதி மொத்தமே 3 லிட்டர்தான். அப்படியானால் அதே 3 லிட்டர் ஒரு நாளில் 60 முறை வடிகட்டப்படுகிறது! வடித்த 180 லிட்டரில் நமக்கு வேண்டிய நீர், உப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. இந்த முறையில் ஓர் அழகு இருக்கிறது. சிறுநீரகம் ஒவ்வொரு கழிவையும் தேடிப் பிடிப்பதில்லை. சிறியவை எல்லாவற்றையும் முதலில் வெளியே விட்டுவிட்டு, தேவையானதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதனால் நம் முன்னோர் ஒருநாளும் கண்டிராத புதிய பொருள் உள்ளே வந்தாலும், அது நீரில் கரைவதாக இருந்தால் பெரும்பாலும் வெளியே போய்விடும்.

வியர்வையும் நஞ்சை வெளியேற்றும் என்று பலர் சொல்வார்கள். வியர்வையில் 99 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர், மீதியில் பெரும்பங்கு உப்பு. உடம்பைக் குளிர வைப்பதுதான் அதன் வேலை.

உடம்பால் தானாக ஒரு நஞ்சை வெளியேற்ற முடியாமல் போய், மனிதர்கள் உதவிய கதை ஒன்றும் இருக்கிறது. உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்தபோது மருத்துவமனையில் நீல விளக்கின் கீழ்ப் படுக்க வைத்தார்களா? அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். நம் இரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள்தான் உயிரோடு இருக்கும். பழைய அணுக்கள் சிதையும்போது பைலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகும். அது கொழுப்பில் கரைவது. கல்லீரல் அதில் குளுகுரோனிக் அமிலத்தைக் கோத்துப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பும். மலத்தின் பழுப்பு நிறமும் சிறுநீரின் மஞ்சள் நிறமும் அதில் இருந்து வந்தவைதான். பிறந்த குழந்தையின் கல்லீரலில் அந்தக் கோக்கும் நொதி இன்னும் முழுதாகத் தயாராகியிருக்காது. அதனால் பல குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் தோல் மஞ்சளாகும். மிக அதிகமானால் பைலிருபின் மூளைக்குள் படியும்.

1956-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட செவிலியர் ஜீன் வார்டு, வெயில் நாள்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். காற்றும் வெளிச்சமும் நல்லது என்று அவர் நம்பினார். ஒருநாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பு முழுக்க வெளிறியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் பளிச்சென்று மஞ்சள். அந்த இடத்தில் ஏதாவது பூசினீர்களா என்று மருத்துவர் கேட்டார். இல்லை, போர்வை மூடியிருந்த இடம் அது. வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் போயிருந்தது! பிறகு, சன்னலோரம் வெயிலில் மறந்து வைத்த இரத்தக் குழாய் ஒன்றிலும் பைலிருபின் வெகுவாகக் குறைந்திருந்தது தெரியவந்தது. அங்கிருந்த கிரீமர் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் விளக்குத் தொட்டில் ஒன்றைச் செய்து, அளந்து பார்த்து, 1958-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒளி பட்டதும் பைலிருபின் மூலக்கூறின் வடிவம் மாறுகிறது. புதிய வடிவம் நீரில் கரையும். கல்லீரல் எதையும் கோக்காமலே வெளியேறிவிடும். நீல ஒளிக்கு இந்த வேலை நன்றாக வரும் என்பதால்தான் நீல விளக்கு. ஒரு செவிலியர் கவனித்துப் பார்த்ததால் எத்தனை குழந்தைகள் பிழைத்திருக்கிறார்கள்!

இனி, சந்தையில் விற்கும் நஞ்சு நீக்கத்துக்கு வருவோம். பொருட்காட்சிகளில் ஒரு கருவி வைத்திருப்பார்கள். உப்பு கலந்த வெந்நீரில் காலை வைக்கச் சொல்வார்கள். மின்சாரம் விட்டதும் கொஞ்ச நேரத்தில் நீர் பழுப்பாக, கலங்கலாக மாறும். “பாருங்கள், உங்கள் உடம்பில் இருந்த நஞ்சு” என்பார்கள். பார்க்கிறவர் நம்பிவிடுவார், நிறம் கண்ணெதிரே மாறுகிறதே! அந்தத் தொட்டியில் இரும்புத் தகடுகள் இருக்கின்றன. உப்புநீரில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு அரித்துத் துருவாகும். காலே வைக்காமல் கருவியை ஓடவிட்டாலும் நீர் அதே பழுப்பாகும். எனவே அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: “அண்ணா, கால் வைக்காமல் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்களேன்.” அறிவியலில் இதற்கு ஒப்பீட்டுச் சோதனை என்று பெயர். (வீட்டில் தண்ணீரையும் மின்சாரத்தையும் சேர்த்து இதைச் செய்து பார்க்கவே கூடாது.)

2009-இல் பிரிட்டனில் இளம் அறிவியலாளர்கள் சிலர் நஞ்சு நீக்கும் என்று விற்கப்பட்ட 15 பொருள்களை எடுத்துக்கொண்டு, தயாரித்த நிறுவனங்களையே கேட்டார்கள். எந்த நஞ்சு, என்ன சான்று? நம்பத்தக்க சான்று ஒன்றும் வரவில்லை. நஞ்சு நீக்கம் என்றால் என்ன என்பதற்கே இரண்டு நிறுவனங்கள் ஒரே விளக்கத்தைத் தரவில்லை.

‘குடலில் மலம் தேங்கினால் நஞ்சாகி இரத்தத்தில் ஏறும், அதனால் குடலைக் கழுவ வேண்டும்’ என்ற எண்ணம் இன்னும் பழையது. நூறாண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய மருத்துவர்களே அதை நம்பினார்கள். லண்டனின் ஆர்புத்னாட் லேன் என்ற அறுவை மருத்துவர் இதற்காகப் பலருக்குப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். மலச்சிக்கல் வந்தால் தலைவலிக்கிறது, மந்தமாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் காரணம் நஞ்சுதானா? 1919-இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் ஆல்வாரெஸ் ஓர் எளிய சோதனையைப் பற்றி எழுதினார். மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்தாலே அதே தலைவலியும் மந்தமும் வந்தன. பஞ்சை எடுத்ததும் உடனே சரியாகிவிட்டது. பஞ்சில் நஞ்சு ஏது? இரத்தத்தில் நஞ்சு ஏறியிருந்தால் அது இறங்க நேரம் பிடிக்குமே! குடல் விரிவதால் நரம்புகள் எழுப்பும் உணர்வு அது என்று அவர் காட்டினார்.

நம் ஊரிலும் பேதிக்குக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. விளக்கெண்ணெய் கொடுத்துப் பிள்ளைகளை மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்த கதையைத் தாத்தா பாட்டி சொல்வார்கள். அந்தக் காலத்தில் பிள்ளைகளின் வயிற்றில் பூச்சி நிறைய இருந்தது. அதை வெளியேற்ற அவர்களுக்குத் தெரிந்த வழி அது. பிள்ளை மீது இருந்த அக்கறைதான் அந்தக் கசப்பான கரண்டி. இன்று அதே வேலைக்கு, பூச்சிக்குச் சர்க்கரை கிடைக்காமல் செய்யும் அல்பெண்டசோல் மாத்திரையைப் பள்ளியிலேயே தருகிறார்கள். விளக்கெண்ணெய் குடலை முறுக்கி ஓடவைக்கும். கூடவே உடம்பின் நீரும் உப்பும் போகும். சின்னப் பிள்ளைகள் அதில் சோர்ந்துவிடுவார்கள்.

சாறுகளும் எல்லாமே தீங்கற்றவை அல்ல. பிலிம்பி என்ற புளிப்புக் காய் தெரியுமா? கேரளத்தில் இரும்பன் புளி என்பார்கள். கொலஸ்டிராலைக் குறைக்கும் என்று கேட்டு அதன் சாற்றைக் கெட்டியாகக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 2013-இல் கேரள மருத்துவர்கள் எழுதினார்கள். அதில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்துவிட்டது. மீன்குழம்பில் இரண்டு காய் போட்டால் ஒன்றும் ஆகாது. இரத்தத்தைச் சுத்தம் செய்யும் உறுப்பையே அடைக்கும் அளவுக்குச் சாறாகக் குடித்ததுதான் வினையானது.

அப்படியானால் உடம்பால் சமாளிக்க முடியாத நஞ்சே இல்லையா? இருக்கிறது. ஈயம். பழைய பெயின்டிலும், உடைத்து உருக்கும் பழைய பேட்டரிகளிலும், பளபளப்புக்காக ஈயக் குரோமேட் கலந்த மஞ்சள் தூளிலும் அது இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வரை நம் நாட்டுப் பெட்ரோலிலும் இருந்தது. எந்த நொதியாலும் ஈயத்தை உடைத்து வேறாக்க முடியாது, அது தனிமம். உடம்பு அதைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்புக்குள் சேர்த்துக்கொள்ளும். பல பத்தாண்டுகள் அங்கே கிடக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் 4, 5 மடங்கு அதிகமாக ஈயத்தை உறிஞ்சும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகம். வளரும் மூளைக்கு இவ்வளவு ஈயம் தாங்கும் என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. உரிந்த பெயின்டைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுவதும், முருங்கைக்கீரையும் கேழ்வரகும் தட்டில் இருப்பதும் இங்கே உண்மையாகவே பயன் தரும்.

ஈயம் அதிகமாக ஏறிவிட்ட குழந்தைக்கு மருத்துவமனையில் வைத்தியம் உண்டு. முதலில் விரலில் அல்லது கை இரத்தக்குழாயில் இரத்தம் எடுத்து அளப்பார்கள். ஒரு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சக்சிமர் என்ற மருந்து கொடுப்பார்கள். அந்த மூலக்கூறில் இருக்கும் இரண்டு கந்தக அணுக்கள் ஈயத்தை இருபுறமும் பற்றிக்கொண்டு சிறுநீரில் கொண்டுபோய்விடும். மருந்தை நிறுத்திய பிறகு மறுபடி அளப்பார்கள். எலும்பில் இருந்து ஈயம் இரத்தத்துக்கு இறங்கி அளவு மீண்டும் கூடலாம் என்பதால், சில வாரங்கள் கழித்து இன்னொரு முறையும் அளப்பார்கள். அதற்குள் ஒருவர் அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போய், சுவரையும் சமையலறை டப்பாக்களையும் விளையாட்டுப் பொருள்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருப்பார்.